சேற்றுக் கரைக்கு ஒரு சைக்கிள்

தடித்த டயர் சைக்கிள் விளம்பரங்கள் எல்லாவற்றிலும் ஒரே கடற்கரைதான். வெள்ளை மணல், நீலக் கடல், சாய்ந்து நிற்கும் தென்னை, அதன் நிழலில் பருத்த டயர்களோடு ஒரு க்ரூஸர் சைக்கிள். அதை ஓட்டுகிறவருக்கு வியர்ப்பதே இல்லை. கோலசிலாங்கூர்க்காரர்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். எங்கள் பக்கத்தில் அந்த மணல் எங்கே இருக்கிறது?

எங்களுடையது சேற்றுக் கரை. ஜெராம் தொடங்கி கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் தாண்டி சபாக் பெர்ணம் வரை, தண்ணீர் வற்றும் நேரத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு மின்னும். அதன் ஓரத்தில் அலையாத்திக் காடு. மலாக்கா நீரிணை இருபுறமும் நிலம் காக்கும் கடல். சிலாங்கூர் ஆறும் பெர்ணம் ஆறும் சுமந்து வரும் வண்டலை அடித்துக்கொண்டு போகும் அளவுக்கு அங்கே அலை இல்லை. அலையாத்தி வேர்கள் அந்த வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கிழக்குக் கரையின் கதை வேறு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து அனுப்பும் அலைகள் திரங்கானுவிலும் பகாங்கிலும் மணலைச் சலித்துப் பரப்பியிருக்கின்றன. விளம்பரக் கடற்கரை வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். 'வானக் கண்ணாடி' என்று சுற்றுலாப் பயணிகள் தேடி வரும் சசாரான் மணல்திட்டுகூட நடுக்கடலில் இருக்கிறது. நீர் வற்றும் நாள் பார்த்துப் படகில் போக வேண்டும். சைக்கிளுக்கு அங்கே வேலையில்லை.

அப்படியிருந்தும் சென்ற ஆண்டில் ஆறு மாதம் நான் தடித்த டயர் சைக்கிள் தேடி அலைந்தேன். காரணம் அப்பா.

அப்பாவுக்கு வயது 67. இனிப்பு நீர் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவர் ஒரு மெல்லிய நைலான் இழையால் அவர் பாதத்தின் பல இடங்களைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்டார். கட்டைவிரலுக்குக் கீழே தொட்டபோது அப்பா பதில் சொல்லவில்லை. இழை தொட்டதே அவருக்குத் தெரியவில்லை. அதற்கு இரண்டு வாரம் கழித்து மோட்டார் சைக்கிள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, "வலது காலுக்கு அடியில பிரேக் இருக்கா இல்லையான்னே தெரிய மாட்டேங்குதும்மா. யாரையாவது இடிச்சிட்டா பாவம்" என்றார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவராகவே எடுத்த முடிவு.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்கள்தான் முதலிடம். இந்த வரியைப் படிக்கும் வீடுகளில் பாதிக்கு மேல் ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு மருந்து அட்டை ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அப்பாவின் மருத்துவரும் அதையே சொன்னார். ஆனால் உணர்ச்சி குறைந்த பாதத்தோடு நெடுந்தூரம் நடந்தால், செருப்பு கடித்துப் புண்ணானாலும் தெரியாது. உடல் எடை முழுவதும் பாதத்தில் இறங்காத பயிற்சியாக இருந்தால் நல்லது என்றார் அவர். நீச்சல் அல்லது சைக்கிள். அப்பாவுக்கு நீச்சல் குளம் என்றால் வெட்கம். சைக்கிள் என்றதும் முகம் மாறியது.

ஏனென்றால் அவருக்குப் போக ஓர் இடம் இருந்தது. அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் லயங்களை இடித்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. எங்கள் வீட்டிலிருந்து 6 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை மாலை அங்கே விளக்கேற்றுவது அப்பாவின் பழக்கம். மோட்டார் சைக்கிளை விட்ட பிறகு அதற்கு என் காரை எதிர்பார்க்க வேண்டியதாகிவிட்டது. வானொலியில் எனக்கு நேர அட்டவணை வாரத்துக்கு வாரம் மாறும். "சாமிக்கு விளக்கு வைக்க உன் ஷிஃப்டைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?" என்று அவர் ஒரு நாள் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அந்த 6 கிலோமீட்டரும் ஒரே மாதிரிப் பாதை இல்லை. முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் தார்ச்சாலை. அடுத்தது கடல்நீர் உள்ளே வராமல் போட்ட மண்கரை. ஊரில் 'பண்டு' என்பார்கள். மேலே சரளைக்கல், இருபுறமும் புல், ஒரு பக்கம் அலையாத்தி, மறுபக்கம் கால்வாய். கடைசியில் தோட்டத்துச் செம்மண் சாலை. வெயிலில் தூள் பறக்கும். மழையில் டயரோடு ஒட்டிக்கொள்ளும். செம்பனைக் குலை ஏற்றும் லாரி போன தடத்தில் அரை அடிப் பள்ளம் இருக்கும்.

இந்தச் செம்மண் சாலைகளுக்கும் நமக்கும் உள்ள உறவு நீண்டது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் தொடங்கியது இதே கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துப் பழகி, இப்போது பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்ட ஊருக்குப் பக்கத்தில். தொடங்கியவர் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பிற்பாடு மலாயா வாழ்க்கையை நாவலாக எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கியவர். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். பிரெஞ்சுக்காரரின் தோட்டத்துக்கு நம் மொழியில் பெயர். அந்த மரங்களுக்கு நடுவே சாலை வெட்டியவர்கள் யார் என்று அந்தப் பெயரே சொல்கிறது.

அப்பாவின் காலத்தில் அந்தச் சாலைகளில் ஓடியது பெரிய சைக்கிள். 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், கறுப்பு இரும்பு ஃபிரேம், குறுக்குக் கம்பி. காண்டா வாளியில் சேர்ந்த பாலை டின்னில் ஊற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு ஓட்டுவார்கள். ஒற்றை வேகம், கியர் கிடையாது. பள்ளம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். "அப்பயே நாங்க அதுல போகலையா? இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய டயரு?" என்பது அப்பாவின் முதல் கேள்வி.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் காற்றழுத்தத்தில் இருக்கிறது. டயருக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தில்தான் டயர் தரையை மிதிக்கிறது. அப்பாவும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பழைய பெரிய சைக்கிளில் 50 பி.எஸ்.ஐ. காற்று அடித்தால், அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3.5 கிலோ. இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு 26 சதுர சென்டிமீட்டர்தான். ஒவ்வொரு டயருக்கும் ஒரு தீப்பெட்டியைவிடக் குறைவு. 4 அங்குலத் தடித்த டயரில் 10 பி.எஸ்.ஐ. போதும். அது சதுர சென்டிமீட்டருக்கு 0.7 கிலோ. தொடும் பரப்பு 130 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். ஒவ்வொரு டயரும் விரல்களை விட்டு ஓர் உள்ளங்கை அளவு தரையைப் பிடித்துக்கொள்கிறது. சரளையில் வழுக்காது. பள்ளத்தில் விழுந்தாலும் முதுகெலும்புக்கு வரும் அடியை டயரே வாங்கிக்கொள்ளும். அப்பா வயதில் அது பெரிய விஷயம்.

அப்படியானால் அந்த டயர் சேற்றிலும் ஓடுமா? கடைகளில் பலர் "எங்க வேணும்னாலும் போகும்" என்கிறார்கள். வாங்குவதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒற்றைக் காலில் நின்றால், 72 கிலோ ஆளின் பாதம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அளவில்தான் தரையை அழுத்துகிறது. 10 பி.எஸ்.ஐ. டயர் அதைவிடக் கூடுதலாக அழுத்துகிறது. ஆகவே கால் புதையும் இடத்தில் டயரும் புதையும். பந்தாய் ரெமிஸில் நீர் வற்றியதும் சேற்றில் இறங்கிச் சிப்பி பொறுக்குகிறவர்களின் கால்களைப் பாருங்கள். கணுக்கால் வரை உள்ளே போகும். அங்கே எந்தச் சைக்கிளும் ஓடாது. இந்த ஒரு கணக்கைப் போட்ட பிறகு என் தேடல் பாதியாகக் குறைந்தது. எங்களுக்கு வேண்டியது கடலுக்குள் இறங்கும் சைக்கிள் இல்லை. கரைமேல் ஓடும் சைக்கிள்.

'தடித்த டயர் க்ரூஸர்' என்ற பெயரில் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் கலந்திருக்கின்றன என்பதும் அப்புறம்தான் புரிந்தது. க்ரூஸர் அமெரிக்காவில் பிறந்தது. பொருளாதார மந்தத்தில் சைக்கிள் விற்காமல் கிடந்த 1933இல், ஷ்வின் நிறுவனம் 2.125 அங்குல 'பலூன்' டயர் போட்ட சைக்கிளைக் கொண்டுவந்தது. அகல ஹேண்டல், அகல சீட், நிமிர்ந்து உட்காரும் வசதி. பிற்பாடு கலிஃபோர்னியாக் கடற்கரை இளைஞர்கள் அதைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். அதே பழைய க்ரூஸர்களைத்தான் 1976இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஒரு மலைப்பாதையில் பந்தயத்துக்கு ஓட்டினார்கள். பிரேக் சூட்டில் ஹப்பின் கிரீஸ் உருகிப் புகைந்துவிடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். இன்றைய மலைச் சைக்கிளின் தொடக்கம் அங்கேதான்.

தடித்த டயர் சைக்கிள் வேறு வீட்டுப் பிள்ளை. அலாஸ்காவின் பனியிலும் நியூ மெக்சிகோவின் மணலிலும் ஓட்ட ஆசைப்பட்டவர்கள் ரிம்மை அகலமாக்கி அகலமாக்கி உருவாக்கியது. 2005இல் சர்லி நிறுவனம் 'பக்ஸ்லி' என்ற பெயரில் 3.7 அங்குல டயரோடு அதைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது. பனிக்காகப் பிறந்தது எங்கள் செம்மண்ணுக்கு வரும்போது சில தொல்லைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

முதல் தொல்லை, கால் அகலம். 4 அங்குல டயருக்கு இடம் விட வேண்டுமென்றால் பெடல் அச்சு நீள வேண்டும். சாதாரண மலைச் சைக்கிளில் அந்த அச்சு உட்காரும் கூட்டின் அகலம் 68 அல்லது 73 மில்லிமீட்டர். தடித்த டயர் சைக்கிளில் பெரும்பாலும் 100. கால்களை அகட்டி வைத்தே மிதிக்க வேண்டும். கிள்ளானில் ஒரு கடையில் அப்பா பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "ஏம்மா, இது சைக்கிளா டிராக்டரா? மாட்டு மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். கடைக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

இரண்டாவது, எடை. தடித்த டயர் சைக்கிள்கள் 15 முதல் 20 கிலோ வரை இருக்கும். டயர் மட்டுமே ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. தார்ச்சாலையில் அந்த எடையை உருட்டுவது ஒருவிதக் கூலி வேலை. மின்சார மோட்டார் பொருத்தியதை வாங்கலாமே என்றார் என் தம்பி. பயிற்சிக்காக வாங்குகிறோம், அதை மோட்டாரிடம் கொடுத்துவிட்டால் எப்படி என்றார் அப்பா. வழியில் சார்ஜ் தீர்ந்தால் இன்னும் கனமான சைக்கிளைத் தள்ள வேண்டியதும் அவர்தான்.

மூன்றாவது தொல்லையை என் காதுதான் முதலில் பிடித்தது. முண்டு முண்டாகக் கட்டை வைத்த டயர் தார்ச்சாலையில் 'கும்' என்று ரீங்காரம் போடும். ஒலிப்பதிவு அறையில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் எந்த ஒயர் என்று தேடுவோம். சாலையில் அது ஆபத்து. பின்னால் வரும் லாரியின் ஓசையை மறைத்துவிடும். வயதாகும்போது இரைச்சலுக்கு நடுவே ஓசைகளைப் பிரித்தறிவது இன்னும் கடினம். ஆகவே நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் மட்டும் கட்டை வைத்ததுமான டயர் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

4 அங்குலம் வேண்டாம் என்றான பிறகு, எங்கள் பாதைக்கு எது போதும்? 2.4 முதல் 3 அங்குலத்துக்குள். 2.8 அங்குல டயரில் 18 அல்லது 20 பி.எஸ்.ஐ. அடித்தால் சரளையும் செம்மண்ணும் அடங்கிவிடுகின்றன, தாரிலும் இழுக்கவில்லை. கால் அகட்டவும் வேண்டாம். திரங்கானுவில் வீடு உள்ளவர்கள் தாராளமாக 4 அங்குலம் வாங்கலாம். அவர்கள் மணலுக்கு அது சரி.

டயரைவிட முக்கியமானது ஃபிரேம். அப்பாவின் பழைய சைக்கிளில் காலைப் பின்னால் வீசி ஏற வேண்டும். இப்போது ஒரு காலில் நின்று மறுகாலை வீசினால் தடுமாறுகிறார். பாதத்துக்கு உணர்ச்சி குறைந்தால் சமநிலையும் குறையும். நாம் நிற்கிறோம் என்பதை மூளைக்குச் சொல்வதே பாதம்தான். ஆகவே குறுக்குக் கம்பி இல்லாமல், நடுவில் தாழ்ந்த ஃபிரேம் தேடினோம். "பொம்பள சைக்கிள்" என்று அப்பா முணுமுணுத்தார். அம்மா உள்ளேயிருந்து, "விழுந்து எழுந்திரிச்சா ஆம்பளையா?" என்று கேட்டதோடு அந்த விவாதம் முடிந்தது. சில க்ரூஸர்களில் பெடலைச் சற்று முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களையும் தரையில் முழுதாக ஊன்றலாம். முதியவர்களுக்கு வாங்குகிறவர்கள் இதை அவசியம் கேட்டுப் பாருங்கள். கடையில் உட்கார வைத்து, "இப்போ நில்லுங்க" என்று சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பிரேக்கில்தான் நாங்கள் நீண்ட நேரம் நின்றோம். கடற்கரைக்கு மரபான க்ரூஸர் பிரேக், பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிப்பது. எல்லாம் ஹப்புக்குள்ளேயே இருக்கும். உப்பும் மணலும் எளிதில் தொடாது. கேபிள் துருப்பிடிக்கும் கவலையில்லை. படித்தவரை கடற்கரைக்கு அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. ஆனால் அப்பா மோட்டார் சைக்கிளை விட்டதே காலால் பிடிக்கும் பிரேக் தெரியவில்லை என்பதால். மறுபடியும் காலை நம்பிப் பிரேக்கை வைப்பதா? இரண்டு கைகளுக்கும் பிரேக் உள்ளதைத்தான் எடுத்தோம். அதிலும் ரிம்மைப் பிடிக்கும் கட்டை பிரேக் வேண்டாம்; செம்மண் சேறு ரிம்மில் ஒட்டினால் உப்புத்தாள்போல் அரைத்துவிடும். தரையிலிருந்து உயரத்தில், ஹப்புக்குப் பக்கத்தில் இருக்கும் டிஸ்க் பிரேக். கேபிளால் இழுக்கும் எளிய வகை. அதைப் பழுதுபார்க்க ஊர்க் கடையே போதும்.

கியர் 3 போதும். புக்கிட் மெலாவத்தியைத் தவிர எங்கள் ஊரில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிற்பகலில் கடலிலிருந்து அடிக்கும் எதிர்காற்று ஒரு மேட்டுக்குச் சமம். அதற்காகவே ஒற்றை வேகம் வேண்டாம் என்றோம். கியர் ஹப்புக்குள் அடங்கிய வகை என்றால் செயின் ஒரே நேர்கோட்டில் ஓடும், சேறு புகும் இடம் குறையும்.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலோரத்தில் சைக்கிளைக் கடலுக்குள் இறக்க வேண்டியதில்லை. காற்றிலேயே உப்பு இருக்கிறது. அலுமினிய ஃபிரேம் இரும்பைவிடத் தாங்கும். ஆனால் அலுமினியத்துக்குள் இரும்புத் திருகு இருக்கும் இடங்களில் உப்பு இரண்டையும் இறுக்கிவிடும். வாங்கிய முதல் வாரமே சீட் கம்பி, பெடல் திருகு எல்லாவற்றிலும் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். ஸ்போக் துருப்பிடிக்காத எஃகா என்று கேளுங்கள். ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். கார் கழுவும் அழுத்தக் குழாய் வேண்டாம். அது பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸைத் துரத்திவிட்டு உப்புத் தண்ணீரை உள்ளே அனுப்பும்.

பஞ்சருக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு காரணங்கள்: பண்டில் சிப்பி ஓடு, தோட்டத்தில் செம்பனை மட்டையின் முள். மட்டை வெட்டிய தோட்டத்தில் முள் எங்கே கிடக்கிறது என்று சொல்ல முடியாது. டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் சின்னத் துளைகளைத் தானே மூடிவிடும். வாங்குவதற்கு முன், உங்கள் ஊர்ச் சைக்கிள் கடையில் அந்த அளவு டியூப் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 4 அங்குல டியூபுக்காகப் பட்டணத்துக்குப் போக வேண்டுமென்றால், ஒரு முள் ஒரு வாரத்தை விழுங்கிவிடும். காற்றழுத்தம் பார்க்கும் கருவியும் தனியாக வேண்டும். பெட்ரோல் நிலையக் குழாயில் 10க்கும் 15க்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. தடித்த டயரில் அந்த 5தான் எல்லாம்.

ஓட்டும் நேரமும் இடமும் சைக்கிள் தேர்வில் ஒரு பகுதிதான். கூட்டரசுச் சாலை 5 அப்பாவுக்கு வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லாரும் ஒரே கட்சி. லாரிகளின் சாலை அது. பண்டு திறந்த மேடு. பிற்பகல் இடியில் அங்கே உயரமாக இருப்பது சைக்கிள் ஓட்டுகிறவர்தான். மேகம் கறுத்தால் கிளம்பக் கூடாது, கேட்டால் திரும்பிவிட வேண்டும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய நீரேற்றத்தில் கரையோரத் தாழ்வுப் பாதைகளில் தண்ணீர் ஏறும். நீரேற்ற அட்டவணையைப் பார்க்காமல் போகக் கூடாது. தோட்டச் சாலைகள் தோட்டத்துக்குச் சொந்தம். பாதுகாவலரிடம் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும். இனிப்பு நீருக்கு மருந்து எடுக்கிறவர்கள் சட்டைப்பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ள வேண்டும். மிதிக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். காலில் மூடிய காலணி, கழற்றியதும் பாதத்தை விரலிடுக்கு வரை பார்ப்பது. கடைசிச் சொன்னது அம்மாவின் பொறுப்பு.

கடைசியில் வாங்கியது, தாழ்ந்த அலுமினிய ஃபிரேம், 2.8 அங்குல டயர், மூன்று கியர், இரண்டு கைப் பிரேக், முன்னால் ஒரு கம்பிக் கூடை. கூடை அப்பாவின் நிபந்தனை. எண்ணெய்ப் போத்தலும் பூவும் வைக்க வேண்டும். 2,000 வெள்ளிக்குள் என்று ஆரம்பித்தோம். கிரீஸ், திரவம், தலைக்கவசம், விளக்கு, காற்றழுத்தக் கருவி எல்லாம் சேர்த்து 300 வெள்ளி கூடிவிட்டது. அந்த 300 வெள்ளியையும் சைக்கிளின் விலையாகவே எண்ணுங்கள் என்று வாங்கப்போகும் குடும்பங்களுக்குச் சொல்வேன்.

முதல் வாரம் வீட்டுக்கு முன்னால் உள்ள சந்துக்குள்ளேயே ஓட்டினார். இரண்டாவது வாரம் தார்ச்சாலை முடியும் இடம் வரை. மூன்றாவது வாரம் பண்டில் பாதி தூரம், நான் பின்னால் தம்பியின் சைக்கிளில். அங்கே நிறுத்தி, கால்வாய்க்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, எந்த நம்பர் காட்டில் யார் வெட்டினார்கள், எந்த இடத்தில் பாலைக் கொட்டிவிட்டுக் கங்காணியிடம் திட்டு வாங்கினார் என்றெல்லாம் சொன்னார். காரில் எத்தனையோ முறை அதே வழியில் அழைத்துப் போயிருக்கிறேன். ஒருமுறையும் இதைச் சொன்னதில்லை. கார்க் கண்ணாடிக்கு வெளியே எல்லாம் ஒரே செம்பனைதான்.

இப்போது வெள்ளிக்கிழமை நான்கரை மணிக்குக் கிளம்புகிறார். மழை மேகம் இருந்தால் சனிக்கிழமை காலை. கோயிலில் அரை மணி நேரம் இளைப்பாறிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். போக 35 நிமிடம், வர 35 நிமிடம். வாரத்தில் இன்னும் இரண்டு நாள் காலையில் பண்டில் ஓட்டினால் 150 நிமிடம் நிறைந்துவிடும். பாதத்தில் போன உணர்ச்சி திரும்பாது என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். மருந்து அட்டைக்குப் பக்கத்தில் அப்பா இன்னொரு தாளை ஒட்டியிருக்கிறார். அதில் தேதி, கிலோமீட்டர், காற்று எத்தனை பி.எஸ்.ஐ. என்று அவர் கையெழுத்தில் மூன்று பத்திகள். போன வாரம் நான்காவதாக ஒரு பத்தி கோடு போட்டார். என்ன என்று கேட்டேன். "உனக்குத்தான். நீ வந்த நாளைக் குறிக்க" என்றார்.

அதில் இதுவரை இரண்டு குறிகள்.